கோழிக்கூண்டைச் சுற்றிக் கொசுவிரட்டிச் செடிகள் வைத்தால் பயனுண்டா?

ஏப்ரல் 6 (வாசகர் கேள்வி)

எங்களிடம் எட்டுக் கோழிகள் உள்ளன. பலகையும் கம்பிவலையும் கொண்டு அடித்த சிறிய கூண்டு. பொழுது சாய்ந்தால் கொசு மொய்க்கிறது. இரவில் கோழிகள் தலையை உதறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டின் கொண்டையில் கரும்புள்ளிகளும் தென்படுகின்றன. மருந்து அடிக்க மனமில்லை. எலுமிச்சைப் புல், துளசி, துலுக்கச் சாமந்தி, நொச்சி ஆகியவற்றைக் கூண்டைச் சுற்றி நெருக்கமாக நட்டால் கொசு உள்ளே வராது என்று படித்தேன். எவ்வளவு இடைவெளியில், எத்தனை வரிசை நட வேண்டும்?

ஏப்ரல் 7

இதே எண்ணத்தோடு நான் சென்ற ஆண்டே இறங்கிவிட்டதால், செய்ததைச் சொல்கிறேன். கூண்டின் இரண்டு பக்கங்களில் எலுமிச்சைப் புல்லை இரண்டடி இடைவெளியில் ஒரு வரிசையாக நட்டேன். வரிசைக்கும் கூண்டுக்கும் இடையே ஒரு முழம் விட வேண்டும். விடாவிட்டால் கோழிகள் வலைக்குள்ளிருந்தே கழுத்தை நீட்டித் தளிரைக் கொத்திவிடும். மற்ற இரண்டு பக்கங்களிலும் பதினான்கு தொட்டிகளில் துளசியும் புதினாவும் வைத்தேன். துலுக்கச் சாமந்தியைத் தரையில் நட்டேன். திறந்துவிட்ட இரண்டாம் நாளே கோழிகள் அதன் அடிமண்ணைக் கிளறிக் குளிக்கும் குழியாக்கிவிட்டன. இரண்டாம் முறை நட்டபோது ஒவ்வொரு தூரைச் சுற்றியும் கைப்பிடி அளவுக் கற்களை அடுக்கினேன், அவை பிழைத்தன. நொச்சியை ஒரு மூலையில் மட்டும் வைத்து, இடுப்பளவுக்கு மேல் போகவிடாமல் வெட்டிவந்தால் போதும், விட்டால் மரமாகிவிடும்.

ஒரு வரிசை போதும். கொசு பாதியாகக் குறைந்தது என்றே சொல்வேன்.

ஏப்ரல் 8

நேற்று “பாதி” என்று எழுதியதை இன்று காலை மறுபடி படித்தபோது கூச்சமாக இருந்தது. நான் எண்ணவே இல்லை. செடி வைப்பதற்கு முன்பு எத்தனை கொசு இருந்தது என்பதற்கும் என்னிடம் கணக்கில்லை. செலவழித்த உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைத்ததாக மனம் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொசுவை விலக்கும் பொருள் செடி அல்ல, அதன் எண்ணெய். துளசி, புதினா போன்றவற்றில் அந்த எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது. எலுமிச்சைப் புல்லில் அது இலைத் திசுவின் உள்ளே இருக்கிறது. இலையைக் கசக்கும்போது நம் மூக்கில் ஏறும் மணம், அந்தச் சுரப்பிகள் உடைவதால் வருவது. யாரும் தொடாமல் நிற்கும் செடியிலிருந்து கசிவது மிகச் சிறிய அளவே. அதையும் திறந்தவெளிக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. எலுமிச்சைப் புல்லின் உறவான சிட்ரோனெல்லா புல்லிலிருந்து வடித்தெடுத்த எண்ணெயைத் தோலில் பூசினாலே ஓரிரு மணி நேரத்தில் அதன் வீச்சு தணிந்துவிடுகிறது என்னும்போது, பத்தடி தள்ளி நிற்கும் புல்லிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே நேற்றைய “பாதி”யை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 10

பெயர்க் குழப்பம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எலுமிச்சைப் புல்லும் சிட்ரோனெல்லா புல்லும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு தனித்தனிப் புற்கள். முன்னதன் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால் என்ற மணப்பொருள், பின்னதில் சிட்ரோனெல்லால், ஜெரானியோல் என்ற வேறு இரண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றின் பெயரில் மற்றொன்று கைமாறுவது சாதாரணம். “கொசுவிரட்டிச் செடி” என்ற சீட்டோடு தொட்டியில் விற்கப்படும், கத்தரித்த இலைகளைக் கொண்ட செடியோ இவை இரண்டுமே அல்ல. அது பெலார்கோனியம் வகை. எலுமிச்சை மணம் வீசும். 1996-இல் வெளியான ஒரு கள ஆய்வு அதற்குக் கொசுவை விலக்கும் ஆற்றல் இல்லையென்று கண்டது; கொசுக்கள் அந்தச் செடியின் இலைமீதே வந்து உட்கார்ந்ததையும் அதில் குறித்திருந்தார்கள். என்னிடமும் அந்தச் செடி இரண்டு இருக்கின்றன. பூ அழகாக இருக்கிறது.

துலுக்கச் சாமந்தி பற்றிய பெயரும் இப்படி ஒட்டிக்கொண்டதுதான். பூச்சிக்கொல்லியாகிய பைரித்ரம் எடுக்கப்படுவது வேறொரு சாமந்தியின் உலர்ந்த பூவிலிருந்து. துலுக்கச் சாமந்தியின் பெருமை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அதன் வேரில் சுரக்கும் பொருள், பயிர்களின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை அடக்கும். மேலே பறப்பவற்றுக்கும் அதற்கும் பெரிய பகை ஏதுமில்லை.

ஏப்ரல் 22

பன்னிரண்டு நாள் எண்ணினேன். முறை இதுதான்: மாலை இருட்டுவதற்கு அரை மணி முன்பு, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு, கூண்டின் செடியுள்ள பக்கத்தில் பத்து நிமிடமும், முற்றத்தின் மறுகோடியில் செடியே இல்லாத இடத்தில் பத்து நிமிடமும் நிற்பது, கையில் வந்து உட்காரும் கொசுவை எண்ணி ஊதிவிடுவது. முதலில் நிற்கும் இடத்தை நாள் விட்டு நாள் மாற்றினேன்.

வேறுபாடு இல்லை. சில நாட்களில் செடிப்பக்கம் கூடுதலாகவே இருந்தது. பதினோராம் நாள் ஒரு கைப்பிடி எலுமிச்சைப் புல்லைப் பிய்த்து, கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு நின்றேன். அன்று அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றுகூட உட்காரவில்லை. ஆகவே புல் பொய் சொல்லவில்லை. அது நட்ட இடத்தில் சும்மா நிற்பதுதான் சிக்கல்.

ஏப்ரல் 23

எண்ணிய முறையிலேயே கோளாறு இருக்கிறது. நேற்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மாலை வெளிச்சத்தில் என் கையைத் தேடி வந்தவற்றுள் பல, காலில் வெள்ளை வரிகளுள்ள ஏடிஸ் கொசுக்கள். அவை பகலிலும் அந்திக்கு முன்பும் கடிப்பவை, மனிதரை நாடுபவை. கோழியின் இரத்தத்தைத் தேடி வருபவற்றுள் முதன்மையானது கியூலெக்ஸ். அது பழுப்பு நிறம், இருட்டிய பிறகே வேலையைத் தொடங்கும், நள்ளிரவை ஒட்டித்தான் மும்முரம். பன்னிரண்டு நாள் நான் எண்ணியது என்னைக் கடிக்க வந்தவற்றை. கோழியைக் கடிப்பவை அப்போது எங்கோ நிழலில் தூங்கிக்கொண்டிருந்தன.

வேறு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இரத்தம் குடித்த கொசுவால் உடனே தொலைவு பறக்க இயலாது. அருகிலுள்ள சுவரில் ஒட்டிக்கொண்டு செரிக்கக் காத்திருக்கும். ஆகவே விடியலில், கோழிகளைத் திறந்துவிட்ட கையோடு, கூண்டின் உட்பலகையை விளக்கடித்துப் பார்த்தால் போதும். இன்று காலை பார்த்தேன். முட்டையிடும் பெட்டிக்குப் பின்னால், காற்றுப் படாத மூலையில், இருபத்தாறு கொசுக்கள் வரிசையாகத் தொங்கின. வயிறு ஒவ்வொன்றும் மாதுளை முத்துப் போலச் சிவந்து, எடை தாங்காமல் பலகையை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல்ரேகை முழுவதும் கோழியின் இரத்தம். இதுதான் எண்ண வேண்டிய கொசு.

மே 4

செடிகளை நட்ட ஓராண்டில் கொசு ஏன் குறையவில்லை என்பதற்குரிய விடை என் மகளிடம் இருந்தது. நேற்று மாலை அவள் ஒளிந்து விளையாடத் துளசித் தொட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தவள், “அப்பா, இதுக்குள்ள என்னமோ துள்ளுது” என்றாள்.

தொட்டிகளின் அடித்தட்டு. கோழி எச்சம் கலந்த மண் கரைந்து ஒழுகாமல் இருக்கட்டும் என்று பதினான்கு தொட்டிகளுக்கும் நானே வாங்கி வைத்த தட்டுகள். நாள்தோறும் நான் ஊற்றிய தண்ணீர் வழிந்து, ஒவ்வொரு தட்டிலும் அரை விரற்கடை உயரத்துக்குத் தேநீர் நிறத்தில் நின்றது. அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் அடியில் பாய்ந்து, மீண்டும் மூச்சுக்காக மேலே நெளிந்து வரும் கொசுப்புழுக்கள். மேற்பரப்பில் கரித்தூள் பட்டது போன்ற ஒரு சின்னஞ்சிறு படகு மிதந்தது. அது கியூலெக்ஸின் முட்டைக் கொத்து; ஒரு கொத்தில் நூறு முதல் முந்நூறு வரை முட்டைகள் ஒட்டி நிற்கும். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்களே போதும்.

மாமரத்தடியில் ஒரு குட்டை இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கொசுவை விரட்டுவதற்காக வைத்த துளசியின் காலடியில், கூண்டிலிருந்து ஒரு முழத் தொலைவில், பதினான்கு பண்ணைகளை நானே நீரூற்றி வளர்த்திருக்கிறேன்.

மே 4, இரவு

பதினான்கு தட்டையும் முற்றத்தில் கவிழ்த்தேன். கோழிகள் ஓடி வந்து ஈர மண்ணில் நெளிந்தவற்றை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றன. கோழி கொசுவைத் தின்னுமா என்று கேட்டிருந்தவருக்கு விடை: தின்னும், தட்டில் வைத்துப் பரிமாறினால்.

மே 5

தட்டைக் கவிழ்ப்பது மட்டும் போதாது என்று ஒருவர் சுட்டியது சரியே. கியூலெக்ஸ் முட்டை நீர்ப்பரப்பில் மிதப்பதால் கவிழ்த்தவுடன் ஒழியும். ஏடிஸ் அப்படியல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும், அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். நான் தட்டுகளை ஒழித்தே விட்டேன். இரண்டு பெரிய தொட்டிகளுக்கு மட்டும் தட்டில் விளிம்பு வரை மணல் நிரப்பி வைத்திருக்கிறேன்.

கோழிகளின் குடிநீர்க் கலத்தையும் பார்த்தேன். அதில் புழு இல்லை. நாள்தோறும் கழுவுவதால் அது தப்பித்தது. கூரையின் நீர்த்தாரையில் சருகு அடைத்த இடத்தில் இருந்தது. பழைய தீவனத் தொட்டி ஒன்று கவிழ்க்காமல் கிடந்தது, அதிலும் இருந்தது. கவிழ்க்க இயலாத பெரிய நீர்த்தொட்டி உள்ளவர்கள் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம், அல்லது பி.டி.ஐ. என்ற பாக்டீரியாத் தூளைப் போடலாம். கொசுப்புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும். கோழிக்கும் மீனுக்கும் அது தீங்கு செய்வதில்லை.

மே 13

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். கொண்டையிலிருந்த கரும்புள்ளிகள் இப்போது தடித்த பொருக்குகளாகி, ஒரு கோழியின் கண்ணிமையிலும் பரவியிருக்கின்றன. இனி இது செடி பற்றிய பேச்சு மட்டுமல்ல. வெறும் கொசுக்கடி ஓரிரு நாளில் வற்றிவிடும். கொத்திச் சண்டையிட்ட காயம் கீறலாக இருக்கும். இறகில்லாத இடங்களில் கொப்புளமாகத் தோன்றி, மருபோலத் தடித்து, கருத்துப் பொருக்காவது கோழி அம்மையின் போக்கு. கொசு அந்த நோயின் நச்சுயிரியை (வைரஸை) தன் வாயுறுப்பில் சுமந்து ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கிறது.

இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தோலில் மட்டும் வந்தால் பெரும்பாலான கோழிகள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே தேறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாக வரும் வகைதான் மூச்சை அடைத்துக் கொல்வது. ஆகவே உடனே வாயைத் திறந்து பாருங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், உதிரும் பொருக்கில் நச்சுயிரி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், உதிர்ந்ததைக் கூளத்தோடு அள்ளி எரித்துவிடுங்கள். கண் ஒட்டிக்கொண்ட கோழியால் தீவனத்தைப் பார்க்க இயலாது. அதைத் தனியே வைத்து, கண்ணை உப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, கையால் ஊட்டினால்தான் அது பசியால் சாகாமல் இருக்கும்.

நோய் தொடாத கோழிகளுக்குத் தடுப்பூசி உண்டு. இறக்கையை விரித்தால் இடையில் தெரியும் மெல்லிய சவ்வில் இரட்டை முனை ஊசியால் குத்துவார்கள். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அந்த இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ வந்தால் ஊசி பிடித்துவிட்டது என்று பொருள். அம்மை மந்தைக்குள் மெதுவாகவே பரவும் என்பதால், தொடக்கத்திலேயே மற்றவற்றுக்குப் போட்டுவிட முடிகிறது. நான் எழுதிய அனைத்திலும் முதலில் எழுதியிருக்க வேண்டியது இதுதான். நானோ நடவு இடைவெளியில் தொடங்கினேன்.

மே 16

ஆமணக்கு நட்டால் கொசு அண்டாது என்று ஒருவர் எழுதியிருப்பதைத் தயவுசெய்து கோழி உள்ளவர்கள் பின்பற்ற வேண்டாம். அதன் விதையில் உள்ள ரிசின் கொடிய நஞ்சு. கோழியோ கீழே உதிர்வதையெல்லாம் ஒருமுறை கொத்திப் பார்க்கும் உயிர். அரளிக்கும் இதே எச்சரிக்கை. உண்ணிச்செடியின் இலையும் காயும் கால்நடைக்கு நஞ்சு.

இதில் ஒரு முரண் உண்டு. மேற்குக் கென்யாவில் உயிருள்ள தொட்டிச் செடிகளை வைத்து மலேரியாக் கொசுக்களிடம் சோதித்தபோது, ஓரளவு பலன் காட்டியவற்றுள் உண்ணிச்செடியும் ஒன்று, நாய்த்துளசி மற்றொன்று. பலன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஏப்ரல் 8 அன்று நான் “கசிவது மிகச் சிறிய அளவே” என்று எழுதியதும் முழு உண்மை அல்ல. சில செடிகள் நின்ற இடத்திலிருந்தே சிறிது வேலை செய்கின்றன. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக் கொசு உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும் என்பதையும், அங்கே சோதித்த கொசு வேறு, கோழிக்கூண்டுக்கு வரும் கொசு வேறு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாய்த்துளசி இரண்டு வைத்திருக்கிறேன். உண்ணிச்செடி வைக்கமாட்டேன்.

மே 30

விடியற்காலைக் கணக்கு: இருபத்தாறில் தொடங்கியது, தட்டுகளை ஒழித்த மூன்றாம் வாரத்தில் ஆறு, ஏழு என்று நிற்கிறது. இடையில் மழை ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை வந்திருந்தால் இந்தக் கணக்குக்கு வேறு முகம் இருந்திருக்கும்.

செடிகளைப் பிடுங்கிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை, பயன்படுத்தும் முறையை மாற்றினேன். மாலையில் எலுமிச்சைப் புல்லையும் துளசியையும் ஒரு கட்டு அறுத்து, கல்லில் வைத்து இரண்டு தட்டுத் தட்டி, உட்காரும் கழிக்கு மேலே வலையில் செருகுகிறேன். முட்டைப் பெட்டியின் வைக்கோலுக்கு இடையில் புதினாவையும் நொச்சித் தழையையும் கசக்கிப் போடுகிறேன். மணம் முன்னிரவு வரையாவது நிற்கிறது. அதனால் கொசு எவ்வளவு குறைகிறது என்று தனியே பிரித்துச் சொல்ல என் கணக்கு இடம் தராது. பறவைகளுக்கு இது புதிதல்ல என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. கார்சிகா தீவின் நீலச் சிட்டுக்கள் குஞ்சு வளர்க்கும் நாட்களில் லாவெண்டர், புதினா போன்ற மணத்தழைகளைக் கொத்தி வந்து கூட்டில் பரப்புகின்றன. மணம் குன்றியதும் புதிது கொண்டு வருகின்றன. ஒருமுறை நட்டுவிட்டுக் காத்திருக்கும் தவற்றை அவை செய்வதில்லை.

புகை வேண்டாம். நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்ட புகை கொசுவை விரட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோழியின் நுரையீரலோடு காற்றறைகள் உடல் முழுவதும் பரந்திருப்பதால் புகையும் தூசியும் நம்மைவிட அதைப் பல மடங்கு வருத்தும். மூடிய கூண்டில் புகை போட்டு மறுநாள் கோழி இரைப்பதைக் கேட்ட பிறகு நான் அந்தச் சட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 2

சற்று விலகிய செய்தி. 2016-இல் எத்தியோப்பியாவில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றில், அங்குள்ள மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் அராபியன்சிஸ் மாடு, ஆடு, மனிதர் ஆகியோரைக் கடித்தாலும் கோழியைத் தவிர்ப்பதைக் கண்டார்கள். உயிருள்ள கோழி ஒன்றைக் கூண்டிலிட்டுக் கொசு பிடிக்கும் பொறிக்கு அருகே தொங்கவிட்டபோது பொறியில் விழும் கொசு குறைந்தது. அதாவது, கொசுவை விரட்ட நாம் கோழியைச் சுற்றிச் செடி நடுகிறோம். அந்தக் கொசுவோ கோழியின் நாற்றத்தைக் கண்டே ஓடுகிறது. கொசு என்று ஒரே பெயரால் அழைப்பதில் இருக்கும் இடர் இதுதான். கியூலெக்ஸுக்கு அந்த அருவருப்பு இல்லை. கோழிக்கூண்டுக்கு அருகே கட்டிலைப் போட்டுக்கொள்ளலாமா என்று என் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். விடை எழுதத்தக்கதாக இல்லை.

ஜூன் 21

கொசுக் கணக்கு மூன்று, நான்கு என்று இறங்கிய பிறகும் இரண்டு கோழிகள் இரவில் நிலைகொள்ளாமல் இடம் மாறிக்கொண்டிருந்தன. கொண்டையும் வெளிறியிருந்தது. நள்ளிரவில் போய், உட்காரும் கழியின் அடிப்புறத்தில் வெள்ளைத் துணியை வைத்து இழுத்தேன். துணியில் செந்நிறக் கோடுகள். அது செந்நிறச் செள் என்ற இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணி, பகலெல்லாம் கழியின் வெடிப்பிலும் ஆணிப் பொருத்தின் சந்திலும் ஒளிந்திருந்து, இரவில் ஏறிக் குடித்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடுவது. ஓராண்டாக இதன் பழியில் பாதியைக் கொசுவின்மீது போட்டிருக்கிறேன் போலும்.

கழிகளைக் கழற்றி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் போட்டு, வெடிப்புகளை அடைத்தேன். ஒரு முறை செய்தால் முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்தாக வேண்டும். எந்தச் செடியும் இதற்கு உதவாது.

இன்னொரு பூச்சியும் உண்டு: கொசுவைவிடச் சிறிய, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவேயான கடிக்கும் குருட்டீ. அது தேங்கிய நீரில் அல்ல, எச்சம் கலந்த ஈரச் சேற்றில் பெருகும். கொசுவலையின் கண் வழியே தாராளமாக நுழையும். குடிநீர்க் கலத்தைச் சுற்றிச் சேறு கட்டுபவர்கள் அதை மறக்க வேண்டாம்.

ஜூலை 9

மழை தொடங்கியதும் கணக்கு மீண்டும் பதினைந்தைத் தொட்டது. தண்ணீர் தேங்கும் இடங்களை இரண்டு முறை சுற்றிவந்தும் புழு கிடைக்கவில்லை. பகலில் எலுமிச்சைப் புல் வரிசையைக் கம்பால் தட்டியபோது தூரின் உள்ளிருந்து கொசு புகைபோல எழுந்தது. தழைத்து, மார்பளவு உயர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, அடியில் வெயிலே படாமல் ஈரம் காத்து நின்ற அந்த வரிசை, பகலில் ஓய்வெடுக்கும் கொசுக்களுக்குச் சத்திரமாகியிருந்தது. எலுமிச்சை மணம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. யாரும் அந்த இலையைக் கசக்கவில்லையே.

முழங்கால் உயரத்துக்கு அறுத்தேன், ஒன்று விட்டு ஒன்றாகத் தூரைப் பெயர்த்தேன், மீதியையும் கூண்டிலிருந்து ஆறடி தள்ளி நட்டேன். கேள்வி கேட்டவர் “நெருக்கமாக” என்று எழுதியிருந்தார். நான் ஏப்ரல் 7 அன்று அதற்குத் தலையாட்டினேன். நெருக்கமாக வேண்டாம். அடிமண்ணில் வெயில் விழ வேண்டும், கூண்டுக்குள் காற்று ஓட வேண்டும்.

காற்று பற்றி: கொசு பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். உட்காரும் கழியின் மட்டத்தில் ஒரு சிறு மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டேன். அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசு திணறும். கோழியின் மூச்சுக்காற்றையும் உடல்மணத்தையும் அது கலைத்துவிடுவதால் கொசுவுக்கு வழி தெரிவதும் கடினமாகிறது. கம்பியைக் கோழி கொத்தாதபடி குழாய்க்குள் விட்டிருக்கிறேன். முழுக் கூண்டுக்கும் கொசுவலை கட்டுவது இதைவிட உறுதியான வழிதான்; ஆனால் நுண்கண் வலையில் தூசும் இறகும் படிந்து காற்று அடைபடும், வியர்க்காத உயிராகிய கோழி வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும். வலை கட்டியவர்கள் வாரந்தோறும் அதைத் தட்டித் துடைக்க வேண்டும்.

ஜூலை 10

விசிறியை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். கழியின் நீளவாக்கில்.

செப்டம்பர் 18

கேள்வி கேட்டவரின் கோழிகள் தேறிவிட்டன. ஒன்றுக்கு ஒரு கண் முழுவதும் திறக்கவில்லையாம், மற்றபடி மேய்கிறது. தடுப்பூசி போட்ட ஐந்திலும் வீக்கம் வந்து மறைந்தது என்கிறார்.

என் பக்கத்தில் இப்போது எஞ்சியிருப்பவை: ஆறடி தள்ளி நான்கு தூர் எலுமிச்சைப் புல், தட்டில்லாத ஐந்து துளசித் தொட்டிகள், இரண்டு நாய்த்துளசி, மூலையில் வெட்டிய நொச்சி, யாருக்கும் பயனில்லாத அந்தப் பெலார்கோனியம். மாலைக் கட்டு அறுப்பதை வாரத்தில் நான்கு நாளாவது செய்கிறேன். விடியற்காலைக் கணக்கு சென்ற வாரம் வரை ஒன்று, இரண்டு.

சென்ற வெள்ளிக்கிழமை திடீரென்று ஒன்பது. மூன்று நாள் தேடினேன். நேற்று, செடிகளைக் கோழி கிளறாமல் இருக்க நான் நட்ட மூங்கில் வேலியின் முனைகளில் விளக்கை அடித்துப் பார்த்தேன். கணுவுக்கு மேலே வெட்டியிருந்ததால் ஒவ்வொரு முனையும் ஒரு கிண்ணம். இருபத்திரண்டு கிண்ணங்களிலும் மழைநீர், ஒன்பதில் புழு. எல்லாவற்றிலும் மணலைக் கொட்டி அடைத்தேன். இன்று காலை கணக்கு ஏழு. இன்னும் ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன்.